“காடழிப்பு இல்லை” என்று கம்பெனி போர்டு வைத்தால் எதைக் கேட்டு நம்புவது?

ஒரகடத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டது – 3 பிப்ரவரி 2025

நான் வேலை பார்க்கும் தொழிற்சாலை வாசலில் போன வாரம் பெரிய போர்டு வைத்தார்கள். ‘பல்லுயிர் வளம் காப்போம், எங்கள் தயாரிப்பு எதிலும் காடழிப்பு இல்லை’ என்று எழுதியிருக்கிறது. அன்றைக்கே காம்பவுண்டு ஓரமாக இருநூறு மரக்கன்று நட்டு, எங்களை எல்லாம் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். நம்ப ஆசையாகத்தான் இருக்கிறது, சந்தேகமும் இருக்கிறது. நாங்கள் செய்வது இயந்திர பாகம். அதில் காடு எங்கே வருகிறது? கொள்முதல் பிரிவில் இருப்பவர்கள் யாராவது சொன்னால் தெரிந்துகொள்வேன்.

3 பிப்ரவரி, இரவு

இயந்திர பாகம் தனியாகக் கப்பலேறாது தம்பி. மரப்பெட்டிக்குள்ளோ, பேலட் என்ற மரத்தட்டு மேலோ உட்கார்ந்துதான் போகும். அந்தப் பெட்டி செய்கிற இடத்தில்தான் நான் இருக்கிறேன். திருமுடிவாக்கத்தில் சின்ன யூனிட், 22 பேர். 19 வருடமாக மரம் வாங்குவது என் வேலை.

என் பில் ஃபைலைத் திறந்தால் முன்பெல்லாம் பாதிக்கு மேல் ‘ஜங்கிள் வுட்’ என்றுதான் இருக்கும். சென்னையில் மரக்கடைகள் இருக்கும் வால்டாக்ஸ் ரோட்டில் தேக்கு, பைன், படாக் என்று பேர் உள்ள மரங்கள் போக மிச்சம் எல்லாவற்றுக்கும் அதுதான் பேர். மா, வேம்பு, தூங்குமூஞ்சி, வாகை, புளி எல்லாம் அதில் அடக்கம். பெரும்பாலும் தோப்பிலோ சாலை ஓரத்திலோ வீட்டுக் கொல்லையிலோ வெட்டியதாக இருக்கும். ஆனால் பில்லில் ‘ஜங்கிள்’. இரண்டு வருடத்துக்கு முன் வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவரின் ஆடிட்டர் வந்து அந்த வார்த்தையின் மேல் விரலை வைத்து, “எந்தக் காடு?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. 17 வருடம் மரம் வாங்கிய எனக்கு, ஒரு பலகைகூட எந்த ஊரில் நின்ற மரம் என்று தெரியவில்லை.

அதனால் நான் சொல்வது இதுதான். போர்டை விட்டுவிடுங்கள். உள்ளே வரும் பொருள் ஏதாவது ஒன்றைக் கையில் எடுத்து, இது எந்த நிலத்தில் விளைந்தது, அந்த நிலம் அதற்கு முன் என்னவாக இருந்தது என்று கேளுங்கள். பதில் வந்தால் அந்த உறுதிமொழி உண்மை. பதில் வரவில்லை என்றால் அவர்கள் கெட்டவர்கள் என்று ஆகிவிடாது, இன்னும் தேடவே ஆரம்பிக்கவில்லை என்று அர்த்தம்.

4 பிப்ரவரி

மரக்கன்று பற்றியும் கேட்டிருந்தீர்கள். காட்டை அழிக்காமல் இருப்பது ஒரு கணக்கு, மரம் நடுவது வேறு கணக்கு. அங்கே போனதை இங்கே நட்டு நேர்செய்ய முடியாது. எங்கள் தொழிற்பேட்டையில் நட்டவை அடுத்த சித்திரையில் தண்ணீர் லாரி நின்றதும் பட்டுப்போயின. உங்களுடையதை இரண்டு வருடம் கழித்து எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள்.

6 பிப்ரவரி

‘எஃப்எஸ்சி முத்திரை இருந்தால் போதாதா அக்கா?’ என்று ஒருவர்.

நல்ல முத்திரைதான். முறையாகப் பராமரிக்கும் காட்டு மரத்துக்குச் சான்று கொடுக்க 1993ல் ஆரம்பித்த அமைப்பு, கண்மூடித்தனமாக யாருக்கும் கொடுப்பதில்லை. ஆனால் முத்திரையின் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க வேண்டும். நூறு சதவீதம் என்று இருந்தால் முழுவதும் சான்று பெற்ற காட்டு மரம். மறுசுழற்சி என்று இருந்தால் பழைய காகிதம், பழைய மரம். ‘மிக்ஸ்’ என்று இருந்தால் சான்று பெற்றதோடு, மறுசுழற்சிப் பொருளும், சான்று இல்லாத ஆனால் திருட்டு வெட்டு போன்ற மோசமான வழிகளில் வரவில்லை என்று சோதித்த மரமும் கலந்திருக்கலாம். கடையில் நாம் பார்க்கும் அட்டைப்பெட்டிகளில் இந்த மிக்ஸ் நிறைய.

இன்னொன்று, சங்கிலி. காட்டிலிருந்து கடை வரை மரத்தை வாங்கி விற்கும் ஒவ்வொருவரும் சான்று வைத்திருக்க வேண்டும். நடுவில் ஒருவர் இல்லையென்றாலும் அறுந்துவிடும். நாங்கள் நியூசிலாந்து பைன் வாங்கினோம். தோட்டத்துக்குச் சான்று இருந்தது, இறக்குமதி செய்தவருக்கும் இருந்தது. எங்களுக்கு வெட்டிக் கொடுத்த மரக்கடைக்கு இல்லை. அதே மரம், அதே பலகை, ஆனால் எங்கள் பெட்டியில் முத்திரை குத்த முடியாது. கடைக்காரரைக் குறை சொல்லவும் முடியாது. வருடாவருடம் தணிக்கைக்குக் கட்டும் பணம் அவருடைய சில மாத வாடகை.

9 பிப்ரவரி, ஞாயிறு

‘எந்த நிலம் என்று எப்படித்தான் கண்டுபிடிப்பது?’ என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். இன்றைக்கு நேரம் இருக்கிறது, நான் செய்ததைச் சொல்கிறேன்.

போன வருடம் மதுராந்தகம் பக்கம் ஒரு பெரியவரிடம் மலைவேம்பு பேசி முடித்தோம். மூன்று ஏக்கர், 2018ல் நட்டது. மலைவேம்பு ஆறேழு வருடத்தில் வெட்டுக்கு வந்துவிடும், பெட்டிக்கும் பிளைவுட்டுக்கும் நன்றாக இருக்கும். எங்களிடம் பெட்டி வாங்குபவர் அனுப்பிய படிவத்தில் நிலத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் கேட்டிருந்தார்கள், புள்ளிக்குப் பின் ஆறு இலக்கம் வரை. ஐரோப்பிய ஒன்றியம் 2023ல் கொண்டுவந்த காடழிப்புத் தடுப்புச் சட்டத்தின் முறை அது. மாடு, கோகோ, காபி, எண்ணெய்ப்பனை, ரப்பர், சோயா, மரம் என்று ஏழு பொருளும் அவற்றிலிருந்து செய்யும் பலவும் அதில் வரும். 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்தது என்றால் அங்கே விற்க முடியாது. நிலம் 4 ஹெக்டேருக்கு மேல், அதாவது ஏறக்குறைய 10 ஏக்கருக்கு மேல் இருந்தால் எல்லை முழுவதையும் வரைந்து கொடுக்க வேண்டும். அதற்குள் என்றால் ஒரு புள்ளி போதும்.

நான் வரப்பில் நின்று போனில் புள்ளி எடுத்தேன். பெரியவர் ஓடி வந்தார்.

“ஏம்மா, சிப்காட் வருதா? எதுக்கு என் நெலத்த படம் புடிக்கிற?”

நிலத்தை எடுக்க வரவில்லை, மரம் எங்கே வளர்ந்தது என்று வெள்ளைக்காரன் கேட்கிறான் என்று சொன்னால் இன்னும் பயந்தார். “அவனுக்கு எதுக்கு என் சர்வே நம்பரு?” வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசினோம். அவர் வீட்டம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தார். தூரத்தில் ஏதோ ஒரு நாட்டில் பெரிய பெரிய காட்டை எரித்துவிட்டு மரத்தையும் மாட்டையும் விற்கிறார்கள், உங்கள் மரம் அப்படி வந்ததில்லை என்று எழுதிக்கொடுக்கத்தான் இது என்றேன். அப்புறம்தான் முகம் தெளிந்தது.

இனி ஆதாரம். 2020ல் அங்கே காடு இல்லை என்று எப்படிக் காட்டுவது? சாட்டிலைட் படம் வாங்கலாம் என்று வாடிக்கையாளர் தரப்பில் சொல்லியிருந்தார்கள். பெரியவர் சர்வசாதாரணமாக, “அதான் அடங்கல்ல இருக்குமே” என்றார்.

எனக்குத் தோன்றவே இல்லை. எந்தச் சர்வே எண்ணில் எந்தப் பசலியில், அதாவது எந்த வருவாய் ஆண்டில், என்ன பயிர் என்று வி.ஏ.ஓ. எழுதும் கணக்கு அது. 2020 ஜூலை முதல் 2021 ஜூன் வரை பசலி 1430. ஐரோப்பாக்காரர்கள் கேட்கும் அந்த டிசம்பர் 31 அதற்குள்தான் வருகிறது. எடுத்துப் பார்த்தோம். பசலி 1430ல் மலைவேம்பு. அதற்கு முன் போனால் மல்லாட்டை (நிலக்கடலை), நெல், மறுபடி மல்லாட்டை. வானத்திலிருந்து பார்க்க நினைத்ததை நம் கிராமக் கணக்கு வருடாவருடம் எழுதி வைத்திருக்கிறது. அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை இங்கே எழுதவே முடியாது.

10 பிப்ரவரி

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். ஐரோப்பியச் சட்டம் எங்கள் பெட்டியைக் கேட்கிறது என்பதுபோல எழுதிவிட்டேன். கேட்கவில்லை. இன்னொரு பொருளைச் சுமக்கவும் காக்கவும் மட்டும் கூடவே போகும் பெட்டிக்கும் பேலட்டுக்கும் அந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு. பெட்டியையே சரக்காக விற்றால்தான் சட்டம் வரும். எங்களைக் கேட்டது வாங்குபவரின் சொந்த உறுதிமொழி. சட்டம் கேட்காத இடத்திலும் அந்த நிறுவனம் தானாகக் கேட்டிருக்கிறது. இதை நான் மதிக்கிறேன். ஒரு உறுதிமொழி எவ்வளவு ஆழம் என்று பார்க்க இதுவும் ஒரு வழி.

13 பிப்ரவரி

“அந்தக் காலத்தில் இவ்வளவு கேள்வி உண்டா?” என்று ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார். வால்டாக்ஸ் ரோட்டில் மூன்று தலைமுறையாக மரக்கடை வைத்திருக்கும் ஒருவரிடம் இதையே கேட்டேன் சார். அவர் சொன்னதை யோசித்துக்கொண்டே இருக்கிறேன். நிலம்பூர் தேக்கு, பர்மா தேக்கு, அந்தமான் படாக் என்று ஊர் பேர் சொல்லித்தான் விற்றோம், ஊரை வைத்துத்தான் விலை என்றார். ஆக, இது புதிய கேள்வி இல்லை. விலை உள்ள மரத்துக்கு என்றைக்கும் ஊர் இருந்தது. மலிவு மரம்தான் ஊர் பேர் இல்லாமல் வந்துபோனது.

ஊர் பேர் இருந்ததால் காடு பிழைத்தது என்றும் சொல்ல முடியாது. பர்மாவில் அப்படி வெட்டித் தீர்த்து, கடைசியில் 2014 ஏப்ரல் முதல் உருட்டு மர ஏற்றுமதியையே அந்த நாட்டு அரசு நிறுத்தியது. இங்கே 1996ல் கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான், யாருடைய நிலமாக இருந்தாலும் காடு என்றால் காடுதான் என்று ஆனது. அந்த வழக்கு கிளம்பியது நம் கூடலூர் காட்டிலிருந்து. நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்துக்காரரான திருமுல்பாடு, தன் குடும்பம் முன்பு வைத்திருந்த காடு வெட்டப்படுவதைப் பார்க்கப் பொறுக்காமல் நீதிமன்றம் போனார். 2016ல் காலமானார்.

செம்மரம் பற்றி ஒருவர் கேட்டார். அதைப் பற்றி எழுதக் கை நடுங்குகிறது. பெரும்பாலும் ஆந்திராவின் தென்பகுதி மலைகளில் இயற்கையாக வளரும் மரம். வாங்குபவர்கள் கடல் கடந்து இருக்கிறார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேர் கூலிக்கு மரம் வெட்டப் போனவர்கள், நம் பக்கத்து ஆட்கள். எங்கோ ஒரு வீட்டில் அழகான நாற்காலியாக நிற்கும் மரத்தின் பில்லில் இது எதுவும் இருக்காது.

17 பிப்ரவரி

பேலட்டில் கோதுமைக் கதிர் மாதிரி ஒரு படமும் ‘எச்டி’ என்ற எழுத்தும் பார்த்தேன், அது காடு காக்கும் சான்றா என்று ஒரகடம் தம்பி கேட்டார்.

இல்லை. மரத்தின் உள்பகுதி 56 டிகிரிச் சூட்டில் 30 நிமிடம் இருந்தது என்று சொல்லும் முத்திரை. பலகைக்குள் இருக்கும் பூச்சியும் முட்டையும் சாக வேண்டும் என்பதற்காக. மரம் எங்கிருந்து வந்தது என்று அது சொல்லாது, திருட்டு மரத்தையும் சூடேற்றி முத்திரை குத்தலாம்.

ஆனால் ‘இல்லை’ என்று மட்டும் சொன்னால் அநியாயம். ஆசியாவிலிருந்து பெட்டி மரத்தில் ஒளிந்து போன நீள்கொம்பு வண்டு 1996ல் நியூயார்க்கில் தெருவோர மரங்களைத் துளைத்துக்கொண்டிருந்தபோது கண்டுபிடித்தார்கள். 2002ல் மிச்சிகனில் பார்த்த இன்னொரு பச்சை வண்டு, ஆஷ் என்ற மர இனத்தில் கோடிக்கணக்கானவற்றைக் கொன்றுவிட்டது. ஒரு கோடரிகூடப் படாமல் காடு செத்தது. எங்கள் அடுப்பில் வெப்பமானி காட்டும் எண்ணை ஒவ்வொரு லோடுக்கும் நானே போய்ப் பார்க்கிறேன். அந்த 30 நிமிடத்தில் ஒரு நிமிடம்கூடக் குறைய விடுவதில்லை.

2 மார்ச்

பாமாயிலுக்காகக் காடு அழிகிறதே, அதற்குக் கொடுக்கும் சான்றை நம்பலாமா என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். என் தொழில் இல்லை என்றாலும் என் அடுப்படியில் இருக்கிறது. ரேஷனில் 25 ரூபாய்க்கு லிட்டர் வாங்குகிறோம். சோப்பு, பிஸ்கட், ஷாம்பு எல்லாவற்றிலும் அது உண்டு. உலகிலேயே அதிகம் பாமாயில் இறக்குமதி செய்வது நம் நாடு. வருவது பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தும் மலேசியாவிலிருந்தும்.

2004ல் தொடங்கிய ஆர்எஸ்பிஓ என்ற அமைப்பு இதற்குச் சான்று கொடுக்கிறது. அதில் பல வகை. சான்று பெற்ற தோட்டத்து எண்ணெயைக் கடைசிவரை தனியாகவே கொண்டுவருவது ஒரு வகை. ‘மாஸ் பேலன்ஸ்’ என்பது இன்னொன்று. சொசைட்டியில் பால் ஊற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மாட்டுக்கு ஊசி போடவில்லை, நல்ல தீவனம், கார்டில் உங்கள் பத்து லிட்டர் பதிவாகும். ஆனால் ஊற்றுவது எல்லார் பாலும் சேர்ந்த ஒரே கேனில். பிறகு யாரோ ஒருவர் ‘நல்ல மாட்டுப் பால் பத்து லிட்டர்’ என்று கணக்கில் வாங்குவார். கணக்கு சரி, அவர் கையில் இருப்பது கலப்புப் பால். விவசாயிக்கு ஊக்கம் கிடைப்பதால் இதையும் நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பாக்கெட்டில் ‘இதில் காடழிப்பு இல்லை’ என்று எழுதினால் அது உண்மையாகாது.

2021ல் 11,040 கோடி ரூபாய்க்கு எண்ணெய்ப்பனைத் திட்டம் அறிவித்தார்கள். இறக்குமதி குறைவது நல்லதே. ஆனால் வடகிழக்கு மாநிலங்களுக்கும் அந்தமானுக்கும் தனிக் கவனம் என்று படித்ததிலிருந்து மனசு அடித்துக்கொள்கிறது. நம் நாட்டில் மிச்சம் இருக்கும் நல்ல காடே அங்கேதானே.

9 மார்ச், ஞாயிறு

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரமாக யோசித்தேன்.

என் அப்பா குரோம்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் 30 வருடம் வேலை பார்த்தவர். குரோம் லெதர் கம்பெனியால்தான் அந்த ஊருக்கே அந்தப் பேர் வந்தது. அப்பா வேலை பார்த்தது வேறு இடம், சின்ன இடம். சட்டையில் எப்போதும் ஒரு வாசனை இருக்கும். முன்பு நம் பக்கத்தில் தோலை ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும்தான் பதப்படுத்துவார்கள். ஆவாரை தரிசில் தானாக வளரும் செடி. அப்பா சேர்ந்த காலத்தில் மூட்டையில் வாட்டில் என்ற மரத்தின் பட்டைச் சாற்றுத் தூள் வரும், இறக்கும்போது கையெல்லாம் சிவந்துவிடும் என்று சொல்வார்.

பள்ளிக்கூடத்தில் ஊட்டிக்குக் கூட்டிப்போனபோது வழியெல்லாம் மரம். “எவ்வளவு அழகான காடு!” என்று எழுதிக் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கினேன். அது வாட்டில் மரம், நீலகிரியில் சீகை மரம் என்பார்கள், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. தோலுக்குப் பட்டையும் அடுப்புக்கு விறகும் வேண்டும் என்று மலை உச்சிப் புல்வெளியில் வனத்துறையே நட்டது. அதற்கு முன் அங்கே பள்ளங்களில் சோலைக்காடும் மேடுகளில் புல்லுமாக இருந்திருக்கிறது. வரையாடு மேய்ந்ததும், 12 வருடத்துக்கு ஒருமுறை குறிஞ்சி பூத்ததும் அந்தப் புல்லில்தான். மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு கோடையிலும் ஓடைக்கு விட்டதும் அந்தப் புல்தான். வாட்டில் விதை மண்ணுக்குள் பல பத்து வருடம் தூங்கும். வெட்டினாலும், எரித்தாலும் திரும்ப முளைக்கிறது.

இதில் என்னை உறுத்துவது ஒன்று உண்டு. ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பின் கணக்கில், அரை ஹெக்டேருக்கு மேல் நிலம், 5 மீட்டருக்கு மேல் வளரும் மரம், 10 சதவீதத்துக்கு மேல் நிழல் இருந்தால்தான் காடு. ஐரோப்பியச் சட்டமும் கிட்டத்தட்ட அதைத்தான் எடுத்துக்கொண்டது. புல்வெளி அதில் வராது. நீலகிரியில் நடந்ததை இன்றைய படிவத்தில் எழுதினால் ‘காடழிப்பு: இல்லை’ என்றுதான் வரும். மரம் கூடியிருக்கிறதே! உயிர்கள் எல்லாம் போய்விட்டன, படிவம் சுத்தமாக இருக்கிறது.

அப்பாவுக்கு இது எதுவும் தெரியாது. அவர் கூலிக்குப் போய் எங்களைப் படிக்கவைத்தார். அந்தப் புல்வெளியின் விலையில் ஒரு துளி என் பள்ளிக் கட்டணத்திலும் இருக்கிறது. இந்த வேலையை நான் ஏன் இவ்வளவு பிடித்துக்கொள்கிறேன் என்று வீட்டில் கேட்கிறார்கள், இதற்காகத்தான்.

10 மார்ச்

ஒரகடம் தம்பி, கன்று விஷயத்தில் நான் ரொம்பக் கடுமை என்று எழுதியிருக்கிறீர்கள். நேற்றைய பதிவுக்குப் பிறகு நானும் யோசித்தேன். 4ஆம் தேதி எழுதியதில் ஒன்று விட்டுப்போனது, என்ன கன்று என்று நான் கேட்கவே இல்லை. நாவல், புங்கன், நீர்மருது, ஆவி என்று நம் மண்ணின் மரமாக இருந்து, தண்ணீர் ஊற்ற ஒரு ஆளையும் போட்டிருந்தால், அந்த இருநூறும் பறவைக்கும் பூச்சிக்கும் உதவும், உங்கள் நிழலுக்கும் ஆகும். வர்தா புயலில் 2016 டிசம்பரில் விழுந்த மரங்கள் எங்கள் யார்டுக்கு வந்தபோது பார்த்தேன், குல்மொஹரும் தூங்குமூஞ்சியும்தான் மலைபோலக் குவிந்தன. பேர் கேட்டுச் சொல்லுங்கள். வேறு கணக்கு என்று சொன்னதை மட்டும் மாற்றிக்கொள்ளமாட்டேன்.

12 மார்ச்

புங்கன் 80, வேம்பு 60, மீதி கோனோகார்பஸ் என்ற வெளிநாட்டு மரமாம். கோனோகார்பஸை மட்டும் எடுத்துவிட்டு வேறு வைக்கச் சொல்லிப் பாருங்கள் தம்பி.

23 மார்ச்

கோவிலம்பாக்கத்தில் குடியிருக்கிறேன். இன்று காலை பிள்ளைகளோடு பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் பக்கம் போனோம். கூழைக்கடா, நாமக்கோழி, நீலத் தாழைக்கோழி. தூரத்தில் பூநாரை ஒரு கூட்டம், வெயிலில் ரோஜா நிறக் கோடு மாதிரி.

இந்த இழையோடு இதற்கு என்ன சம்பந்தம் என்றால், 1965ஆம் வருட வான்படங்களை வைத்துப் பார்த்தபோது இந்தச் சதுப்பு சுமார் 5,500 ஹெக்டேர். 2022ல் உலகின் முக்கியமான சதுப்புநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் ஏறியது சுமார் 1,248 ஹெக்டேர். நடுவில் போனதில் ஒரு மரம்கூட விழவில்லை. மண் கொட்டினார்கள், குப்பை கொட்டினார்கள், கட்டினார்கள். ‘காடழிப்பு இல்லை’ என்று போர்டு வைத்த ஒரு அலுவலகம் அந்த மண்ணின் மேலேயே நிற்கலாம், போர்டில் பொய்யும் இருக்காது.

ஆனால் 2007ல் இதில் ஒரு பகுதியைக் காப்புக்காடு என்று அரசு அறிவித்தது. மரமே இல்லாத காப்புக்காடு! அலுவலகத்தில் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அது மிகவும் சரியான முடிவாகத் தெரிகிறது. நீலகிரிப் புல்வெளிக்கும் யாராவது அன்றைக்கே அப்படி ஒரு பேர் கொடுத்திருக்கலாம்.

அதனால் முதல் நாள் எழுதியதோடு இன்னொரு கேள்வியும் சேர்த்துக்கொள்ளுங்கள். பொருள் வந்த நிலம் மட்டும் போதாது. தொழிற்சாலை நிற்கும் நிலம் முன்பு என்னவாக இருந்தது, அதன் கழிவுநீர் எந்த ஏரிக்குப் போகிறது?

14 ஏப்ரல்

எல்லாருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள். நல்ல விஷயம் ஒன்று எழுதுகிறேன்.

வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது, ஈசிஆரில் முதலைப் பண்ணைக்கு உள்ளே. முன்பு பாம்புத் தோல் வியாபாரத்துக்காக இருளர்கள் பாம்பு பிடித்தார்கள். 1972ஆம் வருட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் ஏற்றுமதித் தடையும் வந்து அது நின்றது, அவர்கள் பிழைப்பும் நின்றது. 1978ல் இந்தச் சங்கம் வந்தது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் பிடித்து, சில வாரம் பானையில் வைத்து விஷம் எடுத்துவிட்டு, திரும்பக் கொண்டுபோய் விடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்துதான் விஷமுறிவு மருந்து. நம் நாட்டில் வருடத்துக்கு ஏறக்குறைய 58,000 பேர் பாம்பு கடித்துச் சாகிறார்கள் என்பது ஒரு பெரிய ஆய்வின் மதிப்பீடு. இந்தத் தொழில் தெரிந்த மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

பாம்பைக் கொன்று தோல் எடுத்த அதே கைகள், பாம்பு உயிரோடு இருந்தால்தான் நாளைக்கும் வேலை என்று மாறியிருக்கின்றன. வயலும் வரப்பும் புதரும் இருந்தால்தான் பாம்பு, பாம்பு இருந்தால்தான் மருந்து. பல்லுயிர் என்ற சொல்லை எனக்கு யாராவது விளக்கச் சொன்னால் வடநெம்மேலிக்கு அழைத்துப்போவேன். தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் தலைமை அலுவலகமும் நம் தரமணியில்தான் இருக்கிறது. உயிர்வளத்தை எடுத்து வியாபாரம் செய்பவர் அதைக் காத்த மக்களுக்குப் பங்கு கொடுக்க வேண்டும் என்று 2002ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. உங்கள் கம்பெனி அதில் வருகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

8 ஜூன்

ஆடிட்டர் மறுபடி வந்தார். பில் ஃபைலில் ‘ஜங்கிள் வுட்’ கிட்டத்தட்ட போய்விட்டது. ‘மா, கிருஷ்ணகிரி, பழைய தோப்பு’, ‘ரப்பர் மரம், கன்னியாகுமரி, பால் வற்றியது’, ‘மலைவேம்பு, மதுராந்தகம்’ என்று இருக்கிறது. அடங்கலைத் தமிழிலேயே காட்டினேன், பசலி என்றால் என்ன என்று அவருக்கு விளக்க முக்கால் மணி நேரம் ஆனது. போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

மனக்குறை ஒன்றும் சொல்லியே ஆக வேண்டும். இவ்வளவுக்கும் பேலட் விலையில் ஒரு ரூபாய்கூட ஏற்றித் தரவில்லை. ஊர் ஊராகப் போன பெட்ரோல், அடங்கலுக்கு அலைந்தது, மொழிபெயர்ப்பு எல்லாம் எங்கள் கணக்கில். உறுதிமொழி பெரிய இடத்தில் எழுதப்படுகிறது, அதன் செலவு கீழே இறங்கிக்கொண்டே வந்து கடைசியில் என் முதலாளி மேலும் அந்தப் பெரியவர் மேலும் விழுகிறது. விலையில் பங்கு தராத உறுதிமொழி எத்தனை நாள் தாங்கும்? ஆடிட்டரிடம் நேராகவே சொன்னேன். எழுதிக்கொண்டார்.

ஒரகடம் தம்பி தன் கொள்முதல் பிரிவில் கேட்டிருக்கிறார். பெட்டிக்கும் அட்டைக்கும் பதில் வந்ததாம். பாகங்களில் போடும் ரப்பர் சீலுக்கு வரவில்லையாம், விற்றவர் யாரிடம் வாங்கினார் என்பதோடு நிற்கிறதாம். நல்லது. எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிட்டதே, அங்கிருந்து கேளுங்கள்.

11 ஜனவரி 2026

பழைய இழைதான், ஆனால் செய்தி கேட்டு இரண்டு பேர் தனியாக எழுதியிருந்ததால் இங்கேயே சொல்கிறேன். ஆமாம், ஐரோப்பியச் சட்டத்தை மறுபடி ஒரு வருடம் தள்ளிவைத்துவிட்டார்கள். முதலில் 2024 டிசம்பர் 30 என்றார்கள், பிறகு 2025, இப்போது பெரிய நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் 30, சின்னவர்களுக்கு 2027 ஜூன் 30. ‘இனி அந்த வேலையெல்லாம் நிறுத்திவிடலாமே’ என்று எங்கள் அலுவலகத்திலும் ஒருவர் கேட்டார். முதலாளி என்னைப் பார்த்தார். சட்டம் எங்களைக் கேட்டதே இல்லை, இதில் தள்ளிப்போக என்ன இருக்கிறது என்றேன். தொடரட்டும் என்றார்.

பொங்கல் நெருங்கும் நேரத்தில் மதுராந்தகம் பெரியவர் போன் செய்தார். பக்கத்து வயல்காரர்கள் நான்கு பேரும் மலைவேம்பு வெட்டப் போகிறார்களாம். அவர்கள் நிலத்துக்கெல்லாம் இவரே பேரனை அழைத்துப் போய், போனில் புள்ளி எடுத்து, பசலி 1430 அடங்கலோடு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். ஒன்றில் மட்டும் அடங்கல் இல்லை.

“அது வேணாம்மா,” என்றார். “அது ஏரி உள்வாய். அவன்கிட்ட வாங்காத.”